உப்புத்தண்ணிக் குஞ்சுகள்

கோழிக் கொட்டகைக்குள் நுழைவதற்கு முன்னால் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜீயபுரத்தில் குஞ்சுகளை இறக்கிய முதல் வாரத்திலேயே அந்தப் பழக்கம் தானாக ஒட்டிக்கொண்டது. நன்றாக இருக்கும் குஞ்சுகள் ஓயாமல் இரைச்சல் போடும். கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி உட்காரும்போது கேட்குமே, அந்த மாதிரி. குளிர் எடுத்தால் அதே இரைச்சல் கூர்மையாகி நம் காதைக் குத்தும். அதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. ஒரு பல்பைத் தாழ்த்தினால் சரியாகிவிடும். சத்தம் குறைந்தால்தான் பயப்பட வேண்டும்.

நான் அப்போது கால்நடைத் தீவனவியலில் ஆராய்ச்சி மாணவி. கல்லூரி வேறு மாவட்டத்தில் இருந்தது. கணவருக்கு ஸ்ரீரங்கத்து வங்கிக் கிளைக்கு மாற்றலாகி, உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிப் போர்ஷன் எடுத்திருந்தோம். மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். அவளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் விடுதியில் இருக்க முடியாது என்று என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னபோது, "திருச்சிப் பக்கத்துலயே ஒரு ஷெட் பாரும்மா, சோதனைய அங்கேயே வெச்சுக்கலாம்" என்றார். அதற்கான அனுமதிகளையும் அவரே வாங்கித் தந்தார்.

ஷெட் கிடைத்த இடம் ஜீயபுரத்தில், கரூர் ரோட்டிலிருந்து வாழைத்தோட்டங்களுக்கு நடுவே உள்ளே போகும் பாதையில். சொந்தக்காரர் ஐம்பதை நெருங்கிய விவசாயி. வாழையும் நெல்லும் அவர் பொறுப்பு, கோழி அவர் மனைவி பொறுப்பு. கம்பெனிகளோடு ஒப்பந்தம் வைத்து வளர்த்துப் பார்த்துவிட்டு, ஒத்துவராமல் சொந்தமாகக் குஞ்சு வாங்கி விட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய கொட்டகை ஒன்று, அதற்குக் கொஞ்சம் தள்ளி, முள்வேலிக்கு இந்தப் பக்கம் சும்மா கிடந்த சின்னக் கொட்டகை ஒன்று. சின்னதை எனக்குக் கொடுத்தார்கள். அவர் என்னை டாக்டரம்மா என்றார். நான் அவரை அண்ணே என்றேன், அவர் மனைவியை அக்கா என்றேன்.

என் கேள்வி சிக்கலானதில்லை. கறிக்கோழித் தீவனத்தில் சக்திக்காக எண்ணெய் கலப்பார்கள். என்ன எண்ணெய் என்பதைப் பெரும்பாலும் மார்க்கெட் விலைதான் முடிவு செய்யும். ஆனால் குஞ்சின் உடம்பு நோயோடு மல்லுக்கு நிற்கும்போது, தின்ற தீனியெல்லாம் சதையாவதை விட்டுவிட்டு அந்தச் சண்டைக்குப் போய்விடுகிறது. காய்ச்சலும் பசியின்மையும் சோர்வும் உடம்பு தனக்குத்தானே மூட்டிக்கொள்கிற தீ. மீன் எண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் அந்தத் தீயை மட்டுப்படுத்தும் என்று படித்திருந்தோம். பிறந்து சில வாரமே ஆன குஞ்சில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஆகவே கொட்டகையைத் தட்டி வைத்துச் சிறு சிறு அறைகளாகப் பிரித்தோம். சில அறைகளுக்குப் பாமாயில் கலந்த தீவனம், சிலவற்றுக்கு ஆளிவிதை எண்ணெய், சிலவற்றுக்கு மீன் எண்ணெய்.

பார்ப்பதற்கு நோய் வேண்டும். நிஜ நோயைக் கொண்டுவர முடியாது. அதனால் இம்மாதிரிச் சோதனைகளில் ஒரு வழி உண்டு. ஒருவகைக் கிருமியின் மேலுறையிலிருந்து பிரித்தெடுத்த பொருளை ஊசியில் கொடுப்பார்கள். அதில் உயிர் கிடையாது. பெருகாது, பரவாது. ஆனால் குஞ்சின் உடம்பு எதிரி வந்துவிட்டதாக நம்பி எல்லாக் கதவுகளையும் அடைத்துக்கொண்டு சண்டைக்குத் தயாராகிவிடும். சாயங்காலத்துக்குள் ஏமாந்தது புரிந்து, மெல்ல எழுந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, பாதி அறைகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி.

இதை அக்காவிடம் விளக்கியபோது அவர் தீவனத்தில் எண்ணெய் பிசைந்துகொண்டிருந்தார். மணிக்கட்டுவரை மீன் எண்ணெய்.

"அப்ப ஒரு சீக்கும் இல்லாத குஞ்சுக்கு நாமளே காய்ச்சல வரவெச்சுப் பாக்குறோமா?"

"ஆமாக்கா. சாயங்காலம் சரியாயிடும்."

"அதுக்கு அது தெரியுமா, சரியாயிடும்னு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன்.

அந்த எண்ணெயின் வாடை கையை விட்டுப் போகவே போகாது. சீயக்காய் போட்டாலும், எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் தலைமுடியில் தங்கும். ஸ்ரீரங்கத்தில் கீழ்வீட்டு மாமி ரொம்ப நல்லவர், என் மகளை மடியில் வைத்துக்கொண்டு பாசுரம் சொல்வார். ஒருநாள் படியில் என்னை நிறுத்தி, "தப்பா எடுத்துக்காதேம்மா, ரெண்டு நாளா மாடிப்படியில ஒரு வாடை வர்றது. மூக்கைப் பிடிச்சுண்டு கோலம் போடறேன்" என்றார். அதிலிருந்து தோட்டத்துப் பம்ப்செட்டிலேயே குளித்து, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வண்டியை எடுப்பேன்.

முதல் ஊசி போட்ட காலை நன்றாக நினைவிருக்கிறது. அக்கா ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துக் கொடுத்தார். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஊசி போட்டு இறக்கிவிட்டதும் ஓடிப்போய்த் தீவனத் தட்டில் தலையை விடும். ஒரு அறையை முடித்து அடுத்த அறைக்குப் போய், திரும்பிப் பார்க்கும்போது முதல் அறையில் சத்தம் இறங்கியிருந்தது. குஞ்சுகள் உமியில் குந்தி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஒன்றையொன்று நெருக்கிக் கண்ணை மூடியிருந்தன. தட்டில் தீவனம் அப்படியே இருந்தது. பக்கத்து உப்புத் தண்ணீர் அறையில் வழக்கமான கும்மாளம். ஒரே கூரையின் கீழ், ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் பந்தி, இந்தப் பக்கம் சாவு வீடு. இதைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். ஆனாலும் அந்த மௌனம் ஒவ்வொரு அறையாக எனக்குப் பின்னாலேயே வந்தது.

அண்ணன் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். கோழிக் கொட்டகைக்குள் அவர் வருவதில்லை, நெடி ஒத்துக்கொள்ளாது என்பார்.

"என்னங்க டாக்டரம்மா, இப்படிப் பொட்டுனு ஒடுங்கிருச்சுங்க?"

"சாயங்காலம் எழுந்துரும்ண்ணே."

"இது பரவாதுல்ல? அந்தப் பக்கம் நம்மளது இருக்கு."

"பரவாதுண்ணே. இதுல உயிரே கிடையாது. பரவறதுக்கு ஒண்ணும் இல்ல."

அவர் கொஞ்ச நேரம் குஞ்சுகளைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவருடைய குஞ்சுகள் என்னுடையவற்றைவிட ஒரு வாரம் இளையவை.

சொன்னபடியே சாயங்காலம் எழுந்தன. முதலில் எழுந்தவை மீன் எண்ணெய் அறைகள். பாமாயில் குஞ்சுகள் இன்னும் ஒடுங்கிக் கிடக்கும்போதே இவை தண்ணீர்க் குவளைப் பக்கம் நடந்தன, தீவனத்தைக் கொத்தின. அடுத்தடுத்த ஊசிகளிலும் அதுவேதான். பேராசிரியரிடம் போனில் சொன்னேன். அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது. "அழகா வருதும்மா. இப்படியே முடிச்சுடு" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் கம்பரசம்பேட்டைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, காவிரியைப் பார்த்துக்கொண்டு ஒரு டீ குடித்தேன். எதையோ சாதித்த மாதிரி இருந்தது.

கடைசி ஊசி முடிந்து நடுவில் ஒரு நாள் போயிருந்தது. காலையில் கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தி, வழக்கம்போல் நின்று கேட்டேன். சத்தம் இருந்தது. ஆனால் எங்கோ ஒரு ஓட்டை இருந்தது அதில். கூட்டமாகப் பாடும்போது நாலைந்து பேர் வாயை மூடிக்கொண்ட மாதிரி.

உள்ளே போனேன். வாசலை ஒட்டிய அறையில் குஞ்சுகள் குந்தியிருந்தன. இறகு சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்து, கண் மூடி. ஊசி போட்ட அன்று பார்த்த அதே கோலம். இன்றைக்கு ஊசி இல்லையே என்று நினைத்தேன். பிறகு தட்டியில் கட்டியிருந்த துணியைப் பார்த்தேன். வெள்ளைத் துணி. வெள்ளை என்றால் உப்புத் தண்ணீர்.

அக்கா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். "உப்புத்தண்ணிக் குஞ்சுங்க ஏன் இப்படி உக்காந்திருக்கு?" என்றார். "நான் மாத்தி விட்டுட்டனோன்னு பாத்தேன். இல்ல, கால்ல நாம போட்ட வெள்ளை வளையம் சரியாத்தான் இருக்கு."

குனிந்து ஒன்றைத் தூக்கினேன். அதன் உடம்பு நடுங்கியது. பின்பக்கம் வெள்ளையாக நீராகக் கழிந்து இறகில் ஒட்டியிருந்தது. இன்னொன்று தலையைப் பின்னால் திருப்பித் தன் பின்பக்கத்தையே கொத்திக்கொண்டிருந்தது. மூலையில் ஒன்று காலை நீட்டிச் செத்துக் கிடந்தது. நான் கொடுத்த ஊசி எந்தக் குஞ்சையும் கொன்றதில்லை. கழிச்சலும் கொடுத்ததில்லை.

 அடுத்த அறையைப் பார்த்தேன், அதற்கடுத்ததைப் பார்த்தேன். அவை தின்றுகொண்டிருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு, தட்டிலிருந்து விலகி, எதையோ யோசிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தன.

செத்த குஞ்சை எடுத்துப்போய் வாழைக்கடியில் பிளாஸ்டிக் விரிப்பில் வைத்து அறுத்தேன். தொடைச் சதையில் செங்கோடுகளாக ரத்தம் கசிந்திருந்தது. இளங்குஞ்சுகளுக்கு வாலுக்கு அடியில், உள்ளே, சுண்டைக்காய் அளவில் ஒரு பை உண்டு. நோயை எதிர்க்கிற அணுக்கள் அதில்தான் வளர்ந்து, கற்றுக்கொண்டு, உடம்புக்குள் போகும். அந்தப் பை வீங்கி, மேலே மஞ்சள் கூழ் பூசினாற்போல் இருந்தது. பாடப் புத்தகத்தில் பார்த்த படம் அப்படியே. பண்ணைக்காரர்கள் கம்போரோ என்பார்கள். குஞ்சு மூன்று வாரத்தைத் தாண்டும் பருவத்தில் வரும் வைரஸ். அது போய்ப் பிடிப்பது அந்தப் பையைத்தான். மருந்து கிடையாது. கொட்டகைக்குள் வந்துவிட்டால் உமியிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு போகும், சட்டையில் போகும்.

இதை நினைத்த மாத்திரத்தில் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். "அக்கா, இங்க வந்துட்டு அந்தப் பக்கம் போனீங்களா?"

"காலையில தீவனம் போட்டேன்ல. இங்க பாத்துட்டுத்தான் போனேன்."

"நேத்து?"

"தெனமும்தான் போறேன்."

இரண்டு கொட்டகைக்கும் தனித்தனிச் செருப்பு வைத்திருந்தோம். சுண்ணாம்புத் தட்டு வைத்திருந்தோம். ஆனால் அவர் கை ஒன்றுதான், சேலை ஒன்றுதான். அவர் முகம் மாறியது. நான் ஒன்றும் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. சேலைத் தலைப்பை இரண்டு விரலால் பிடித்து, அது யாருடையதோ போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பு. யாரையும் உள்ள விடாத. அவங்க குஞ்சுங்களுக்கு ரெண்டாவது தடுப்பு மருந்து ஆயிடுச்சா?" என்றார்.

ஆகவில்லை. என்னுடையவற்றுக்கும் அவர்களுடையவற்றுக்கும் முதல் தவணை கொடுத்தாயிற்று. என்னுடையவை இரண்டாம் தவணைக்குக் காத்திருந்த இடைவெளியில்தான் அது புகுந்திருந்தது. அவர்களுடையவை அந்த இடைவெளிக்குள் இப்போதுதான் காலை வைக்கின்றன.

"இன்னிக்கே குடுக்கச் சொல்லு. ஏற்கெனவே நோய் உள்ள போயிருந்தா பிரயோஜனம் இல்ல. போகலைன்னா ஒரு வாய்ப்பு" என்றார்.

அண்ணன் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கூப்பிட்டேன். மண்வெட்டியோடு வந்தார். சொன்னேன். சொல்லும்போதே என் வார்த்தைகள் எனக்கே பொய் மாதிரிக் கேட்டன.

"பரவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது வேறண்ணே. நான் போட்ட ஊசி இல்ல இது. இது வெளியிலேர்ந்து வந்த நோய்."

"வெளியிலேர்ந்துன்னா எங்கேர்ந்து?"

"தெரியல."

"ஊசி போட்டீங்க. குஞ்சு ஒடுங்குச்சு. மறுபடி எழுந்துச்சு. மறுபடி போட்டீங்க. இப்ப சாவுது. நீங்க அது வேற இது வேறங்கறீங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்களுக்குப் பாக்க ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு."

ஊசி போடாத குஞ்சுகளிடம்தான் அது முதலில் தெரிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவற்றுக்கும் ஊசிதான் போட்டோம். உப்புத் தண்ணீர் என்று நான் சொன்னதை அவர் எதை வைத்து நம்ப வேண்டும்? 

அக்கா பின்னாலிருந்து, "இப்ப அத விடுங்க. நம்ம கோழிக்கு வருமா? அதச் சொல்லுங்க டாக்டரம்மா" என்றார்.

"வரலாம்க்கா."

தடுப்பு மருந்தை யார் கொடுப்பது? நானும் போக முடியாது, அக்காவும் போக முடியாது. வாழ்க்கையில் ஒரு கோழியைக் கையில் பிடித்திராத அண்ணன்தான் போக வேண்டும். என் கணவர் வங்கியிலிருந்து அனுமதி கேட்டுக்கொண்டு, டவுனில் மருந்துக் கடையில் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுவந்தார். உள்ளே வராமல் ரோட்டு முனையிலேயே அண்ணனிடம் கொடுத்துவிட்டு, தூரத்தில் நின்ற என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் பதிலுக்குக் கையை ஆட்டவில்லை. என்னவோ, ஆட்டத் தோன்றவில்லை.

மருந்தைக் குடிதண்ணீரில் கலந்துதான் கொடுக்க வேண்டும். அந்த மத்தியானம் நானும் அக்காவும் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினோம். "தண்ணிக் குவளையெல்லாம் மொதல்ல எடுத்துருங்க. தாகம் எடுக்கட்டும்." "பிளீச்சிங் போட்ட தண்ணி வேணாம், கிணத்துத் தண்ணி." "பால் பவுடரக் கரைச்சிட்டு அப்புறம் மருந்து." "வெயில்ல வெக்காதீங்கண்ணே." அவர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எந்தக் குவளை எங்கே என்று தெரியாமல் தடுமாறினார். ஒருமுறைகூட எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து தாகமெடுத்த குஞ்சுகளின் கூச்சல் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு பலமான கூச்சலை நான் கேட்டதே இல்லை. அக்கா வேலிக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அதைக் கேட்டார்.

லேப் முடிவு வரும்வரை என் குஞ்சுகளை ஒன்றும் செய்ய முடியாது. காலையில் போவேன். வெல்லமும் உப்பும் கரைத்த தண்ணீர் வைப்பேன், செத்ததைப் பொறுக்கிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவுவேன். அறை அறையாகப் பரவியது. நான் பார்த்ததை இங்கே சொல்கிறேன், ஆனால் இதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்துவிடக் கூடாது. முறையான கணக்கு ஒன்றும் இதில் இல்லை, அறைகளும் சமமாக நோயை வாங்கியிருக்க முடியாது. பாமாயில் அறைகளில் குஞ்சுகள் கடுமையான காய்ச்சலில் கிடந்தன, நடுங்கின, பல செத்தன. சில, மறுநாள் எழுந்து தண்ணீருக்குப் போயின. மீன் எண்ணெய் அறைகளில் அவ்வளவு நடுக்கம் இல்லை. ஒடுங்கிக்கூட உட்காரவில்லை. தீவனத்தைக் கொத்திக்கொண்டே இருந்தன. நான் அசட்டுத்தனமாக ஒரு நாள் முழுக்க நம்பிக்கையோடு இருந்தேன். மறுநாள் காலையில் அந்த அறைகளில்தான் குழிக்குப் போட அதிகம் இருந்தது. தட்டுக்குப் பக்கத்திலேயே, அலகில் தீவனத் தூளோடு கிடந்தன.

காய்ச்சல் அடங்கிய எந்த அமைதியை நினைத்துக் காவிரிக் கரையில் நின்று டீ குடித்தேனோ, அதே அமைதி. தீ குறைவாக எரிந்தது என்று மகிழ்ந்தேன். எரிய வேண்டிய நேரத்திலும் அது குறைவாகத்தான் எரிந்ததோ என்னவோ.

பேராசிரியரிடம் சொன்னேன். "இது சோதனை இல்லம்மா, விபத்து. விபத்துலேர்ந்து பதில் தேடாத" என்றார். சரிதான் அவர் சொன்னது. இருந்தாலும் போனை வைத்த பிறகும் அவர் சொன்னது என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

இந்த வைரஸ் மனிதர்களுக்கு வராது. இது எனக்கு ஐயமறத் தெரியும். ஆனாலும் அந்த நாட்களில் பம்ப்செட்டில் குளித்துவிட்டு வந்து, வீட்டில் மறுபடி குளித்து, மகளைத் தூக்காமல் தள்ளியே உட்கார்ந்திருந்தேன். அவள் தவழ்ந்து வந்து என் முட்டியைப் பிடித்து எழுந்து நிற்பாள். நான் கணவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வேன். அவள் பேசாமல் விளையாடிக்கொண்டிருந்தால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "நீ தூங்கவே மாட்டேங்கற" என்றார் கணவர். தூங்கினால் கொட்டகை வாசலில் நிற்பதாகவும், உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராததாகவும் கனவு வந்தது.

லேப் முடிவு வந்தது. நான் நினைத்ததேதான். மிச்சமிருந்த குஞ்சுகளையும் முடித்துவிடச் சொன்னார்கள். அந்த வேலையை நானேதான் செய்தேன். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. அக்கா உதவிக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கடைசிக் குஞ்சுவரை முடித்து வெளியே வந்தபோது வாழைத்தோட்டத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பெரிய கொட்டகையின் இரைச்சல் மட்டும் கேட்டது. உமியைக் குவித்து எரித்தோம், தரையைச் சுண்ணாம்பால் மெழுகினோம். சாவியை அண்ணனிடம் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க டாக்டரம்மா" என்றார். "கோவத்துல சொல்லல. நீங்களே சொன்னீங்கல்ல, செருப்புல ஒட்டிக்கிட்டு வரும்னு."

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான். வீட்டில் இருந்துகொண்டு ஒரு வேலையும் ஓடவில்லை. மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து போன். "ஒண்ணும் பேசாதீங்க, கேளுங்க" என்றார். பிறகு இரைச்சல் மட்டும் வந்தது. அக்காவிடமிருந்து அண்ணன் போனைத் துடைத்து வாங்கி, பெரிய கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. வேலிக்கு வெளியே நின்று அக்கா கத்துவது தூரத்தில் கேட்டது: "எப்படி இருக்கு, டாக்டரம்மாவக் கேளுங்க!" நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"நல்லாருக்குண்ணே."

"ம்" என்றார். போன் நின்றது.

தினமும் காலையில் அது நடந்தது. கீழே மாமி வாசல் தெளிக்கிற சத்தம், கோயில் மணி, நான் சமையலறை ஜன்னலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு. அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் அந்த இரைச்சல் மட்டும்தான். ஒவ்வொரு நாளும் அது நன்றாக இருந்தது. ஒவ்வொரு நாளும் நன்றாக இருந்ததால் மறுநாளை நினைத்துப் பயம் கூடியது. என் குஞ்சுகள் விழுந்த அதே பருவத்துக்கு அவருடையவை வந்துகொண்டிருந்தன.

ஒரு காலையில் போனை எடுத்ததும், அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, எனக்குத் தெரிந்துவிட்டது. இரைச்சல் இருந்தது. ஆனால் அதில் அந்த ஓட்டை இருந்தது.

 அவர்தான் கேட்டார். "என்னங்க, நல்லாருக்கா?"

"வடக்கு மூலையப் பாருங்கண்ணே. எங்கயாவது தனியா உக்காந்திருக்கா பாருங்க."

வடக்கு மூலை என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எங்கேயோ பார்க்கச் சொல்ல வேண்டுமே. அவர் நடக்கும் சத்தம், உமி நசுங்கும் சத்தம். பிறகு காலடிச் சத்தம் நின்றது.

"உக்காந்திருக்குங்க" என்றார்.

அது வந்தது, ஆனால் என் கொட்டகையில் வந்ததுபோல் வரவில்லை. தடுப்பு மருந்து கொஞ்சம் முந்திக்கொண்டது போல. கணிசமாகச் செத்தன. பெரும்பகுதி பிழைத்தது. பிழைத்தவை வளரவில்லை. எடை ஏறாமல், இறக்கை தொங்கி, வயசுக்குப் பாதியாக நின்றன. கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு அண்ணன் கொட்டகையைப் பூட்டினார். எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. ஆற்றோரம் ஒரு பண்ணையில் அதற்கு முன்பே சாவு விழுந்ததாகப் பிறகு ஒருவர் சொன்னார். கோழி ஏற்றுகிற வண்டி அங்கேயும் போகும், இங்கேயும் வரும். காக்கை இருக்கிறது. என் வண்டியின் டயர் இருக்கிறது. எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, எதையும் இல்லையென்றும் சொல்ல முடியாது.

சோதனையை மறுபடி கல்லூரிக் கொட்டகையில் செய்தேன். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். இம்முறை ஒன்றும் குறுக்கே வரவில்லை. மீன் எண்ணெய்க் குஞ்சுகள் ஊசிக்குப் பிறகு முதலில் எழுந்தன, முதலில் தின்றன. ஆய்வேட்டில் அதுதான் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், "நிஜமான நோய் வந்தா இந்தக் குஞ்சுங்க எப்படித் தாங்கும்?" என்று கேட்டார். அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது என்று பதில் சொன்னேன். அதுதான் சரியான பதில். என் பேராசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது பண்ணைகளுக்குத் தீவன ஆலோசனை சொல்லும் வேலை. சென்ற வருடம் மண்ணச்சநல்லூர் பக்கம் ஒரு பெரிய பண்ணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உரிமையாளர் மரியாதையான மனிதர். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். என்ன எண்ணெய் சேர்க்கலாம், எவ்வளவு சேர்க்கலாம் என்று நல்ல கேள்விகளாகக் கேட்டார். பேச்சுவாக்கில், "எல்லாம் சரிங்க மேடம், ஆனா இந்த ஆராய்ச்சி கீராய்ச்சின்னு வர்றவங்கள மட்டும் நாங்க உள்ள விடறதில்ல" என்றார்.

"ஏங்க?"

"ஜீயபுரத்துல ஒரு அம்மா வந்து ஊசி போட்டு ஏரியா பூரா சீக்கப் பரப்பிட்டுப் போயிட்டாங்களாம். குஞ்சுக்கு வேணும்னே காய்ச்சல வரவெச்சுப் பாத்தாங்களாம். அந்தப் பண்ணைக்காரரு இன்னிவரைக்கும் கொட்டாயத் தொறக்கலையாம். கேள்விப்பட்டிருப்பீங்களே?"

அண்ணன் ஒரு வருடத்துக்குள்ளேயே கொட்டகையைத் திறந்துவிட்டார். அக்காவே போன் செய்து சொன்னார். ஏரியா முழுக்க ஒன்றும் பரவவில்லை. இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். உயிரில்லாத பொருள், உப்புத் தண்ணீர் என்றெல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கலாம்.

"அந்த அம்மா நான்தாங்க" என்றேன்.

அவர் சிரிக்கப் போனார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கண் என் கைப்பைக்குப் போய், செருப்புக்குப் போய், திரும்பி வந்தது. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்து டீ கொண்டுவரச் சொன்னார். டீ வந்தது. குடித்தோம். மழை வருமா என்று பேசினோம். கொட்டகையை இன்னொரு நாள் பார்க்கலாமே, இன்றைக்கு ஆள் இல்லை என்றார். அந்தப் பக்கத்திலிருந்து தீவனத் தட்டுகளை யாரோ உருட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.